மிஷனரிப் பயிற்சிக் காலத்தைச் சுருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாடுகளுக்கு இறைப்பணிக்காகப் புறப்படும் இளைஞர்களின் பயிற்சி வாழ்க்கையைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். பொதுவாக எவரும் எட்டிப்பார்க்காத ஒரு வாழ்க்கையை வாசகர் முன் வைத்ததற்கு நன்றி. ஆனால், மொழிபெயர்ப்புச் செயலிகளும் இணைய வகுப்புகளும் பெருகிவிட்ட இந்தக் காலத்தில் மாதக்கணக்கில் இளைஞர்களை ஒரு வளாகத்துக்குள் வைத்திருப்பது வீண் செலவு என்றும், சில நாள் அறிமுகப் பயிற்சியோடு அவர்களைப் பணித்தளத்துக்கு அனுப்பிவிடலாம் என்றும் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்லப்பட்டிருக்கும் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இத்தகைய இளைஞர்களுக்குப் பல ஆண்டுகள் மொழி கற்பித்தவன் என்ற முறையில், இந்த யோசனை நடைமுறைக்கு வந்தால் அந்த இளைஞர்களும், அவர்கள் சென்று சேரும் நாட்டு மக்களும் எத்தகைய பாதிப்பை அடைவார்கள் என்பதைச் சொல்வது என் கடமை என்று கருதுகிறேன்.

முதலில் அந்த வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பயிற்சிக்கு வருகிறவர்களில் பலர் பள்ளிப் படிப்பை இப்போதுதான் முடித்தவர்கள். மார்மன் சபை என்று பரவலாக அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை 2012ஆம் ஆண்டு அக்டோபரில் ஊழியத்துக்கான குறைந்தபட்ச வயதை ஆண்களுக்கு 18 என்றும் பெண்களுக்கு 19 என்றும் குறைத்தது. அதன்பின் பயிற்சி மையங்களுக்கு வருகிறவர்களின் முகங்கள் மேலும் இளமையாயின. இளைஞர்கள் 24 மாதங்களும் இளம்பெண்கள் 18 மாதங்களும் பணியாற்றிவிட்டு வீடு திரும்புவது அந்தச் சபையின் வழக்கம். கத்தோலிக்கத் துறவற சபைகளிலோ இது வாழ்நாள் முழுவதற்குமான முடிவு. பயிற்சியே பத்தாண்டுகளைத் தாண்டிப்போவதுண்டு. புராட்டஸ்டன்ட் மிஷன் சங்கங்களில் சில மாதப் பயிற்சியும் உண்டு, சில ஆண்டுப் பயிற்சியும் உண்டு. காலஅளவு எதுவாக இருந்தாலும் அன்றாட வாழ்க்கையின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது.

விடிவதற்கு முன்போ விடிந்த உடனேயோ எழுந்திருக்க வேண்டும். தனி ஜெபம், வேத வாசிப்பு, காலை உணவு, அதன்பின் நண்பகல் வரை மொழி வகுப்பு. பிற்பகலில் வேத பாடமும், செல்லவிருக்கும் நாட்டின் வரலாறும் வழக்கங்களும். மாலையில் உடற்பயிற்சி அல்லது விளையாட்டு. இரவில் மறுநாளுக்கான ஆயத்தம். துணி துவைப்பதும் அறையைப் பெருக்குவதும் கழிவறையைக் கழுவுவதும் அவரவர் வேலை. வாரத்தில் ஒரு நாளில் மட்டும் கடிதம் எழுதவும் உடைகளைச் செம்மை செய்யவும் ஓய்வெடுக்கவும் நேரம் தரப்படும். திரைப்படம் கிடையாது, கைப்பேசிப் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு உண்டு, வெளியே செல்வதற்கு அனுமதி வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கடுமையாகத் தோன்றுவது இயல்பே. தங்கள் கட்டுரையாளரும் இந்தக் கட்டுப்பாடுகளிடமே நின்றுவிட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்த இளைஞர்களில் பெரும்பாலோர் நேரக் கட்டுப்பாட்டுக்குச் சில நாட்களிலேயே பழகிவிட்டார்கள்; அவர்களை உண்மையில் வருத்தியவை வேறு. வகுப்பில் வாயைத் திறக்க முடியாத ஊமை நிலை ஒன்று. வீட்டு நினைவு இன்னொன்று. இந்த அழைப்பு உண்மையிலேயே தனக்கு வந்ததுதானா என்று இரவில் எழும் கேள்வி மூன்றாவது. இந்த மூன்றையும் அவசரமாகக் கடந்துபோக வழியில்லை என்பதே நான் சொல்ல வந்தது.

மொழியை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலம் பேசும் தன் அதிகாரிகள் பிறமொழிகளில் தொழில்முறைத் தேர்ச்சி பெற எவ்வளவு காலம் ஆகும் என்பதை அமெரிக்க அரசின் வெளியுறவுப் பணிப் பயிற்சி நிறுவனம் நெடுங்கால அனுபவத்தின் அடிப்படையில் வகுத்து வைத்திருக்கிறது. தமிழ், இந்தி, ரஷ்யன் போன்ற மொழிகளுக்கு ஏறத்தாழ 44 வாரங்கள், அதாவது 1,100 வகுப்பு மணி நேரம் தேவை என்பது அதன் கணக்கு. அரபு, சீனம், ஜப்பானியம், கொரியன் ஆகியவற்றுக்கு 88 வாரங்கள், 2,200 மணி நேரம். வேறு கவலை எதுவும் இல்லாமல், சம்பளம் பெற்றுக்கொண்டு, தேர்ந்த ஆசிரியர்களிடம் முழுநேரமும் படிக்கும் வளர்ந்தவர்களுக்கே இவ்வளவு காலம் ஆகிறது. இறைவனைப் பற்றியும் மரணத்தைப் பற்றியும் குற்ற உணர்வைப் பற்றியும் மனிதர்களிடம் பேச வேண்டிய பதினெட்டு வயது இளைஞருக்குச் சில நாட்கள் போதும் என்று எந்த அடிப்படையில் சொல்ல முடியும்?

செயலியை வைத்துக்கொண்டு வழி கேட்கலாம், பொருள் வாங்கலாம், மருத்துவமனையில் எந்த இடத்தில் வலிக்கிறது என்றும் சொல்லிவிடலாம். இவற்றுக்கு அது பெரிய உதவி என்பதை மறுக்கவில்லை. ஆனால் கணவனை இழந்த ஒரு பெண்மணி தன் வீட்டு வாசலில் நின்று அழும்போது, எதிரே நிற்கும் இளைஞர் கைப்பேசியை நீட்டி அதில் பேசச் சொல்வாரானால், அந்தப் பெண்மணி இரண்டாவது முறை கதவைத் திறக்க மாட்டார். துக்கத்தில் இருப்பவரிடம் எப்போது பேச வேண்டும், எப்போது வாய் மூடி உட்கார்ந்திருக்க வேண்டும், பெரியவரை எப்படி விளிக்க வேண்டும், கேலியாகச் சொல்லப்பட்டது எது, மனம் நொந்து சொல்லப்பட்டது எது என்பதெல்லாம் மொழிக்குள்ளேயே இருக்கின்றன. தொடர்ந்து கேட்டுக் கேட்டுத்தான் அவை காதில் ஏறுகின்றன.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதை ஆசிரியர்கள் மட்டுமே அருகிலிருந்து பார்க்கிறோம். குறுகிய பயிற்சியில் மாணவர்கள் ஒரு ஜெபத்தையும், தங்கள் விசுவாசத்தைப் பற்றிய ஒரு சாட்சியையும், சில வேத வசனங்களையும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். உச்சரிப்பும் நன்றாகவே வந்துவிடும். அதைக் கேட்பவர், இவருக்கு நம் மொழி தெரியும் என்று நம்பி மனம் திறந்து பதில் பேசத் தொடங்குவார். அந்தப் பதிலில் ஒரு வாக்கியம்கூட இளைஞருக்குப் புரியாது. ஆனாலும் தலையாட்டுவார், மனப்பாடம் செய்த அடுத்த பகுதியைத் தொடர்வார். பேசுவதற்கு மட்டும் பழக்கிவிட்டுக் கேட்பதற்குப் பழக்காமல் அனுப்புவது, எதிரில் இருப்பவரை அவமதிப்பதில் போய் முடிகிறது. என் வகுப்புகளில் நான் அதிக நேரம் ஒதுக்கியது கேட்டல் பயிற்சிக்குத்தான். ஒருவர் சொன்னதை அவர் சொன்ன பொருளிலேயே திருப்பிச் சொல்லத் தெரியாதவரை, எந்த மாணவரையும் தன் கருத்தைச் சொல்ல நான் அனுமதித்ததில்லை. தொடக்கத்தில் அவர்கள் என்மீது வருத்தப்பட்டார்கள். பணித்தளத்திலிருந்து எழுதிய கடிதங்களில் பெரும்பாலும் அதற்கே நன்றி சொன்னார்கள்.

வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குக்கு 24 வயது நிறைய ஒரு நாள் இருந்தது. அவருக்கும் உடன்வந்த புளுட்சோவுக்கும் புறப்படும் முன் தமிழ் கற்பிக்க ஐரோப்பாவில் எவரும் இல்லை. ஆகவே வந்த இடத்தில், எழுத்துப் பழகும் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக் கற்றார்கள். அந்தப் பணிவோடும் விடாமுயற்சியோடும் படித்ததால்தான் 1711ஆம் ஆண்டிலேயே புதிய ஏற்பாட்டின் தமிழாக்கத்தைச் சீகன்பால்கு முடிக்க முடிந்தது. பயிற்சி இல்லாமலேயே அவர் சாதித்தாரே என்று சிலர் இதைத் தலைகீழாகப் படிக்கக்கூடும். அவர் பயிற்சியைத் தவிர்க்கவில்லை. அதைத் தானே தேடிச் சென்று பணித்தளத்தில் மேற்கொண்டார். அவரைப் போன்ற உழைப்பும் மொழியாற்றலும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பதால்தான் பின்வந்த சங்கங்கள் பயிற்சியை ஒழுங்குபடுத்தின.

பர்மாவுக்கு 1813இல் சென்ற அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன், முதல் நபருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819இல். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் பெரும்பகுதி பர்மிய மொழியையும் பாலி மொழியையும் கற்பதில் கழிந்தது. ஊரிலிருந்து பணம் அனுப்பியவர்கள் பலன் எங்கே என்று கேட்டிருக்கக்கூடிய ஆண்டுகள் அவை. ஆனால் அந்த ஆண்டுகளின் உழைப்பின் மீதுதான் 1834இல் அவர் முடித்த பர்மிய வேதாகமம் நின்றது. ஆங்கிலேய மிஷனரி ஹட்சன் டெய்லர் 1865இல் தொடங்கிய சீன உள்நாட்டு மிஷனோ, புதிதாக வருகிறவர்களை நேராக ஊழியத்துக்கு அனுப்பாமல் ஆண்களுக்கு அன்சிங் நகரிலும் பெண்களுக்கு யாங்சோ நகரிலும் மொழிப் பயிற்சி இல்லங்களை அமைத்து முதலில் அங்கே படிக்க வைத்தது. அவசரப்படுவதற்கு அவர்களுக்கும் காரணங்கள் இருந்தன, ஆனாலும் அவசரப்படவில்லை.

பிற்காலப் பரிசுத்தவான்களின் சபையிலும் மொழிப் பயிற்சி பிறந்த விதம் கவனிக்கத்தக்கது. மெக்சிகோவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் செல்லவிருந்த இளைஞர்களுக்கு விசா கிடைக்கத் தாமதமானபோது, காத்திருக்கும் காலத்தைப் பயனுள்ளதாக்க 1961இல் யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரில் உள்ள பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய மொழி வகுப்பு தொடங்கப்பட்டது. அதுவே வளர்ந்து 1978இல் ஊழியப் பயிற்சி மையம் என்ற பெயரைப் பெற்றது. வேறு வழியின்றிக் காத்திருந்த நாட்கள்தாம் பின்னர் எல்லோருக்கும் தேவை என்று உணரப்பட்டன. இப்போது அந்தச் சபையும் பயிற்சியின் ஒரு பகுதியை இணையவழியாக வீட்டிலிருந்தே நடத்துகிறது என்பது உண்மை. அதில் எனக்கு மறுப்பில்லை. பயிற்சியை எந்த இடத்தில் தருவது என்பது வேறு, பயிற்சியையே குறைப்பது வேறு.

அடுத்து, கூட்டு வாழ்க்கை. இயேசு தம் சீடர்களை இருவர் இருவராக அனுப்பினார் என்று மாற்கும் லூக்காவும் எழுதியிருக்கிறார்கள். அதைப் பின்பற்றிப் பல அமைப்புகள் தங்கள் ஊழியர்களை இணையாகவே பயிற்றுவிக்கின்றன. தான் தேர்ந்தெடுக்காத ஒருவருடன், ஒரே அறையில், ஒரே கால அட்டவணையில், இரவும் பகலும் சேர்ந்திருப்பது எளிதன்று. ஒருவர் அதிகாலையில் உரக்கப் பாடுவார்; மற்றவர் நாற்பது முறை சொன்னாலும் ஈரத் துண்டைக் கட்டில் மீதே போடுவார். இவை சிறிய செய்திகள். ஆனால் அன்பைப் பற்றிப் பிறருக்குப் போதிக்கப் போகிறவர், ஈரத் துண்டு போடும் தோழரிடம் மன்னிப்புக் கேட்கவும் அவரை மன்னிக்கவும் கற்றுக்கொள்ளும் இடம் இதுதான். அயல்நாட்டில், உறவினர் எவரும் இல்லாத ஊரில், நோயிலோ அச்சத்திலோ இருக்கும்போது பக்கத்தில் இருக்கப்போவது அந்தத் தோழர் ஒருவரே. இருவருக்குமிடையே மனக்கசப்பு வந்தால் அதைப் பேசித் தீர்க்கும் வழிகளைப் பயிற்சிக் காலத்தில் மூத்தவர்களின் மேற்பார்வையில் கற்காதவர்கள், அங்கே சென்று கற்க முயல்வது இருவரையும் நொறுக்கிவிடும்.

இயேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையில் நவதுறவிகளுக்கு, அதாவது வாக்குக் கொடுக்கும் முன் பயிற்சி பெறும் புதியவர்களுக்கு, இரண்டு ஆண்டுப் பயிற்சியில் வைக்கப்படும் சோதனைகளை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். முப்பது நாள் மௌனத்தில் ஆன்மிகப் பயிற்சி. மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பணிவிடை. சமையலறையிலும் வீட்டிலும் எளிய வேலைகள். கையில் பணமின்றிப் பிறர் கொடுப்பதை நம்பி மேற்கொள்ளும் திருப்பயணம். அந்தச் சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வகுத்த இந்த முறையில் படிப்பு பின்னால்தான் வருகிறது. முதலில் மௌனத்தில் தன்னோடு இருக்கத் தெரிகிறதா, துர்நாற்றம் வீசும் புண்ணைக் கழுவும்போது முகம் சுளிக்காமல் இருக்க முடிகிறதா, அந்நியரின் கையிலிருந்து உணவு வாங்கி உண்ணும் தாழ்மை இருக்கிறதா என்று பார்க்கப்படுகிறது. ஹட்சன் டெய்லரும் 1853இல் சீனாவுக்குக் கப்பலேறும் முன், இங்கிலாந்தின் ஹல் நகரில் மருத்துவம் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஏழைகள் வாழும் பகுதியில் அறை எடுத்துத் தங்கி, மிக எளிய உணவோடு வாழ்ந்து, வருமானத்தின் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டுத் தன்னைத் தானே பழக்கிக்கொண்டார். உடலை வருத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பயிற்சி இல்லங்களில் மாணவர்களைப் பட்டினி போடுவதையோ அவமானப்படுத்துவதையோ நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். ஆனால் வசதியில் வளர்ந்த ஓர் இளைஞர், வசதியற்றவர்களின் வீட்டு வாசலில் இரக்கத்தோடும் கூச்சமில்லாமலும் உட்காரப் பழகுவதற்குக் காலம் வேண்டும் என்பது உறுதி.

வீட்டு நினைவைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். தொடக்க வாரங்களில் இரவு நேரத்தில் தலையணையில் முகம் புதைத்து அழாத மாணவர்கள் மிகச் சிலர். அதை வெட்கத்துக்குரியதாக நினைத்து மறைப்பார்கள். பலவீனமான விசுவாசத்தின் அறிகுறி என்று தங்களையே குற்றம் சாட்டிக்கொள்வார்கள். ஆசிரியர்களும் சில வேளைகளில் அதற்குத் துணைபோகிறார்கள். பழக்கப்பட்ட எல்லாவற்றையும் விட்டு அந்நியச் சூழலில் வாழத் தொடங்குகிறவருக்கு ஏற்படும் பண்பாட்டு அதிர்ச்சியைப் பற்றி மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் எழுதிய கட்டுரை 1960இல் வெளிவந்தது. முதலில் எல்லாமே அழகாகத் தோன்றும் மயக்கம், அடுத்து எரிச்சலும் வெறுப்பும், பின் மெல்லத் தேறுதல், இறுதியில் பொருந்திப்போதல் என்று அதன் படிகளை அவர் விவரித்தார். இந்தப் படிகளை முன்கூட்டியே அறிந்திருக்கும் இளைஞர், பணித்தளத்தில் மூன்றாவது மாதம் தனக்கு அந்த மக்கள் மீதே வெறுப்பு வரும்போது, இது கடந்து போகும் என்று தெரிந்து பொறுத்திருப்பார். அறியாதவரோ அந்த மக்களைக் குறை சொல்வார், அல்லது தன்னையே வெறுப்பார்.

குடும்பத்தோடு தொடர்பை அறுப்பதுதான் உறுதியை வளர்க்கும் என்ற பழைய எண்ணமும் மாறி வருகிறது. பிற்காலப் பரிசுத்தவான்களின் சபையில் இளம் ஊழியர்கள் நெடுங்காலமாகக் கிறிஸ்துமஸ் நாளிலும் அன்னையர் நாளிலும் மட்டுமே வீட்டாரோடு தொலைபேசியில் பேசி வந்தார்கள். 2019ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் வாரம் ஒருமுறை பேச அனுமதி வந்தது. இதை நான் மனமார வரவேற்கிறேன். தாயின் குரலைக் கேட்டதால் தளர்ந்துபோன மாணவர்களைவிட, அதைக் கேட்டதால் தேறியவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதேவேளையில் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த அழைப்பில் உங்கள் பிள்ளை அழுதால், திரும்பி வா என்றோ, ஊராரிடம் என்ன சொல்வது என்றோ உடனே பேசாதீர்கள். கேளுங்கள். அவ்வளவு போதும்.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை பயிற்சியைச் சுருக்கக்கூடாது என்பதற்கான மிக வலுவான காரணம் இதில்தான் இருக்கிறது. அழைப்பு தனக்கானதா என்று ஐயுறும் உரிமையும், இல்லை என்று தெளிந்தால் மரியாதையோடு விலகும் உரிமையும் ஒவ்வொரு மாணவருக்கும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு இதில் மிகுந்த தெளிவோடு பேசுகிறது. நவதுறவுப் பயிற்சி செல்லத்தக்கதாக இருக்க 12 மாதங்கள் நடைபெற வேண்டும். நவதுறவி தன் விருப்பப்படி எப்போதும் விலகலாம். பயிற்சியின் முடிவில் ஐயம் எஞ்சியிருந்தால் 6 மாதம் வரை காலத்தை நீட்டிக்கலாம். அதன்பின்னும் உடனே வாழ்நாள் வாக்குறுதி கிடையாது; தற்காலிக வாக்குகளோடு குறைந்தது 3 ஆண்டுகள் வாழ்ந்து பார்க்க வேண்டும். ஐயம் இருந்தால் நேரத்தைக் கூட்டு என்று அந்தச் சட்டம் சொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மனித மனத்தை நன்கு அறிந்தவர்கள் வகுத்த விதி அது.

குறுகிய பயிற்சியில் இந்த ஐயம் எழுவதற்கே நேரமில்லை. வழியனுப்புக் கூட்டத்தின் பாடல்களும் வாழ்த்துகளும் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே விமானம் ஏறிவிடுகிறார்கள். பாரிஸ் அந்நிய மறைபரப்புச் சங்கத்தின் குருமாணவர் இல்லத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்த வழியனுப்பு விழாக்களில், புறப்படுகிறவர்களின் பாதங்களைப் பெற்றோரும் நண்பர்களும் குனிந்து முத்தமிடுவார்கள். நற்செய்தி கொண்டுவருபவரின் பாதங்கள் எவ்வளவு அழகானவை என்ற ஏசாயாவின் வாக்கை ஒட்டிய சடங்கு அது. சென்றவர்களில் பலர் திரும்பவே இல்லை. அந்தச் சடங்கின் மாண்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மேடைக்கு வருவதற்கு முன் அவர்களுக்குப் பல ஆண்டுப் பயிற்சி இருந்தது, வெளியேறும் கதவு திறந்தே இருந்தது. மேடையை மட்டும் வைத்துக்கொண்டு முன்னிருந்த ஆண்டுகளை எடுத்துவிட்டால், ஊராருக்கு அஞ்சி விருப்பமின்றிப் புறப்படும் இளைஞர்களே மிஞ்சுவார்கள்.

பயிற்சியின் நடுவில் வீடு திரும்பிய ஒரு மாணவரை எனக்குத் தெரியும். அறிவாளி, நேர்மையானவர், மொழியில் வகுப்பிலேயே முதல்வர். தன்னால் இதை உண்மையோடு செய்ய முடியாது என்று உணர்ந்து, பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுச் சென்றார். அவர் செய்தது துணிவான செயல். ஆனால் ஊரில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு, குற்றம் செய்து பிடிபட்டவருக்குக் கிடைப்பது போன்றது. ஆலயத்தில் அவர் அருகில் உட்காரத் தயங்கினார்கள். என்ன தவறு செய்து துரத்தப்பட்டார் என்று அவருடைய தாயாரிடமே கேட்டார்கள். இந்தப் பேச்சுக்குப் பயந்துதான், விலக விரும்பும் வேறு பலர் விலகாமல் தொடர்ந்து, பின்னர் அயல்நாட்டில் உடைந்துபோகிறார்கள். தங்கள் கட்டுரை, பயிற்சியை முடிக்காமல் திரும்புகிறவர்களை ‘இழப்பு’ என்ற கணக்கில் சேர்த்திருந்தது எனக்கு வருத்தமளித்தது. ஒருவர் தன் வழி வேறு என்று பயிற்சிக் காலத்திலேயே கண்டுகொள்வது, பயிற்சி தன் வேலையைச் சரியாகச் செய்ததற்குச் சான்று.

செல்லும் நாட்டு மக்களின் பக்கமிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். ஒருவரை அவருடைய சமயத்திலிருந்து மாற்ற முயல்வதே தவறு என்று கருதும் வாசகர்கள் இருப்பார்கள். அவர்களுடைய கருத்தை மதிக்கிறேன். அந்த விவாதத்தைத் தொடங்குவது என் நோக்கமன்று. ஆனால் மிஷனரிகளின் அத்துமீறலைக் கண்டு வருந்துகிறவர்கள்தாம் அவர்களுக்கு நீண்ட, ஆழமான பயிற்சி வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் என்று நினைக்கிறேன். கத்தோலிக்க மிஷன் பணிகளைக் கவனிக்க ரோமையில் இயங்கிய விசுவாசப் பரப்புப் பேராயம் 1659இல் கிழக்காசியாவுக்குப் புறப்பட்ட ஆயர்களுக்கு அனுப்பிய அறிவுரையில், சமயத்துக்கும் ஒழுக்கத்துக்கும் வெளிப்படையாக முரணாக இல்லாதவரை அந்த மக்களின் வழக்கங்களை மாற்ற முயலக்கூடாது என்றும், பிரான்சையோ ஸ்பெயினையோ இத்தாலியையோ சீனாவுக்குச் சுமந்துசெல்வது அறிவீனம் என்றும் தெளிவாக எழுதியது. பின்வந்த பலர் அதைப் பின்பற்றவில்லை என்பது வரலாற்றின் துயரம். 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாடு தன் எட்டு ஆய்வுக் குழுக்களில் ஒன்றை முழுக்க மிஷனரிகளைத் தயாரிப்பது பற்றிய ஆய்வுக்கே ஒதுக்கியது என்றால், ஆயத்தமின்மை எவ்வளவு சேதம் விளைவித்தது என்பதை அனுப்பியவர்களே உணர்ந்திருந்தார்கள் என்று பொருள்.

நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2018 நவம்பரில் 26 வயது அமெரிக்க இளைஞர் ஜான் ஆலன் சாவ், அந்தமானின் வட சென்டினல் தீவில் சட்டத்தை மீறிக் கால்வைத்து உயிரிழந்தார். அவர் ஆயத்தமில்லாமல் சென்றவர் அல்லர். மொழியியல் பயின்றிருந்தார், அவசர மருத்துவப் பயிற்சி பெற்றிருந்தார், கடுமையான உடல் உழைப்புக்குப் பழகியிருந்தார். ஆனால் வெளியுலக நோய்களை எதிர்க்கும் சக்தியற்ற ஒரு சிறு சமூகம், எவரும் வர வேண்டாம் என்று பலமுறை தெளிவாகக் காட்டிவிட்ட பிறகும், 1956ஆம் ஆண்டிலிருந்தே ஆதிவாசிப் பாதுகாப்புச் சட்டவிதிகள் நடைமுறையில் இருக்கும் தீவுப் பகுதியில், தடையை மீறிப் போவதைத் துணிவு என்று அவர் நம்பினார். அவரைக் கொண்டுசென்ற மீனவர்கள் கைதானார்கள். இறந்த ஓர் இளைஞரைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவருடைய பெற்றோரின் துயரம் எனக்குப் புரிகிறது. துணிச்சலை மட்டும் வளர்த்து, எங்கே நின்றுவிட வேண்டும் என்பதைக் கற்பிக்காத ஆயத்தம் முழுமையானதல்ல என்பதையே சொல்கிறேன். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதை ஏற்றுத் திரும்புவதும், விசா எதற்கு வழங்கப்பட்டதோ அதற்கு மட்டுமே அங்கே இருப்பதும், தன்னால் உள்ளூர் மக்களுக்கு வரக்கூடிய ஆபத்தை எண்ணிப் பார்ப்பதும் பயிற்சியின் தலையாய பாடங்களாக இருக்க வேண்டும்.

தடுப்பூசி, காப்பீடு, பயண ஆவணங்கள், அவசரத் தொடர்பு ஆகியவற்றைப் பற்றிக் கட்டுரை போதிய அளவு சொல்லியிருக்கிறது, அவற்றோடு உடன்படுகிறேன்.

பயிற்சி நடத்தும் அமைப்புகளிடம் தங்கள் நாளிதழ் வழியாக நான் கேட்டுக்கொள்வது இவைதாம். செலவைக் குறைக்க வேண்டுமானால் வளாகக் கட்டடங்களிலும் விழாக்களிலும் குறையுங்கள், மொழி வகுப்பு நேரத்தைத் தொடாதீர்கள். பணித்தளத்துக்குச் சென்றபின் முதல் ஆண்டில் வேறு பொறுப்புகளைச் சுமத்தாமல் மொழி கற்பதையே முதன்மையான வேலையாகக் கொடுங்கள். அந்த ஆண்டில் எத்தனை பேரைச் சந்தித்தாய் என்று அறிக்கை கேட்காதீர்கள். செல்லவிருக்கும் நாட்டைச் சேர்ந்தவர்களை, அவர்களில் அந்த மதத்தைச் சேராதவர்களையும் சேர்த்து, ஆசிரியர்களாக அமர்த்துங்கள். தங்கள் ஊருக்கு முன்னர் வந்தவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை அவர்கள் வாயிலிருந்தே மாணவர்கள் கேட்கட்டும். மாணவர்கள் மனம் விட்டுப் பேச, மதிப்பெண் போடும் பொறுப்போ பதவி வழங்கும் அதிகாரமோ இல்லாத ஒரு மனநல ஆலோசகர் ஒவ்வொரு பயிற்சி இல்லத்திலும் இருக்கட்டும். விலக விரும்புகிறவருக்கு வீடு செல்லும் பயணச்சீட்டை எந்தக் கேள்வியும் இல்லாமல் கொடுப்போம் என்று சேரும் நாளிலேயே எழுத்தில் தாருங்கள்.

தங்கள் கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். பயிற்சி இல்லத்தின் பொறுப்பாளர்களிடமும் புதிதாகச் சேர்ந்தவர்களிடமும் பேசியிருக்கிறார், நல்லது. அயல்நாட்டில் ஐந்தாண்டு, பத்தாண்டு பணியாற்றியவர்களையும், அவர்களுக்கு வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட அந்த நாட்டுக் குடும்பங்களையும், பயிற்சியின் நடுவில் விலகி வந்து வேறு தொழிலில் இருப்பவர்களையும் சந்தித்து, பயிற்சிக் காலம் போதுமானதாக இருந்ததா என்று அவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதையும் இதே பக்கத்தில் வெளியிட்டால் வாசகர்கள் தாங்களே ஒரு முடிவுக்கு வருவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற மொழி ஆசிரியர்